வெந்நீர்த் தொட்டியில் நாலு நாள்

— மெயின் சுவிட்ச எதுக்கு அண்ணி அணைச்சீங்க? உள்ள உங்க தங்கச்சி தொட்டியில இறங்கறதுக்கு ரெடியாயிட்டு இருக்கா.

— அதுக்காகத்தான் மாப்பிள்ளை அணைச்சேன்.

— அட, வந்து அஞ்சு நிமிஷம் ஆகல. ஒரு வாய் தண்ணி குடிக்கல. வந்து அதிசயத்தப் பாருங்கன்னு போன்ல கூப்பிட்டா, நீங்க நேரா ஃப்யூஸ் பொட்டிகிட்டப் போய் நிக்கறீங்க!

— அதிசயத்தப் பாத்துட்டேன். துணி துவைக்கிற மெஷின் பிளக்குல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன். அது ஜன்னல் வழியா கொல்லைப்பக்கம் வந்து, ஈரத் தரையில படுத்துக் கிடந்து, தொட்டிக்குப் பின்னாடி ஒரு முடிச்சு. முடிச்சு மேல ஒரு பிளாஸ்டிக் பை. இந்த வீட்ல எல்லாரும் இன்னும் உயிரோட இருக்கறது அதிசயம்தான்.

— மழை பெஞ்சா நனையக் கூடாதேன்னு பை கட்டியிருக்கேன்.

— பை மழையத் தடுக்கும். கரண்டத் தடுக்குமா? அது சரி, இந்தப் பிளக்குல மூணாவது பின்னு எங்க?

— அதுவா... அந்தத் தடி பின்னு எக்ஸ்டென்ஷனுக்குள்ள நுழையல. வெட்டி எடுத்துட்டேன். அது சும்மா ஒரு பிடிமானத்துக்குத்தானே?

— பிடிமானத்துக்கா! இருபத்தாறு வருஷமா ஒயரிங் வேலை பாக்கறவகிட்ட சொல்ற பேச்சா இது? அதுதான் எர்த்து. கசியற கரண்ட் ஆள் மேல பாயாம மண்ணுக்குள்ள இறங்கறதுக்கு இருக்கற ஒரே வழி. அந்த வழிய கட்டிங் பிளேயரால வெட்டிட்டு வந்து நிக்கறீங்க.

— இதுக்குத்தான் உங்கள முதல்லயே கூப்பிடல. வந்தா நூறு குத்தம் சொல்லுவீங்க, பத்து நாள் ஆக்குவீங்க. பக்கத்து வீட்ட காலி பண்ணிட்டுப் போனவங்க தொட்டியக் குடுக்கும்போது என்ன சொன்னாங்க தெரியுமா? சொருகினாப் போதும், சுடும்னாங்க. சொருகினேன். சுடுது. அவ்வளவுதான்.

— நீங்க ஓட்டற ஸ்கூல் பஸ்ல பிரேக் வேலை செய்யலன்னு வைங்க. வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு பிள்ளைங்கள ஏத்துவீங்களா?

— பஸ் வேற, இது வேற. கைய எடுங்க அண்ணி, நான் சுவிட்சப் போடணும். மூணு மணிதான் அவ இறங்கற நேரம். தண்ணி ஆறிடும்.

— ஆறட்டும். நான் நிக்கற வரைக்கும் இந்த சுவிட்ச நீங்க தொட முடியாது.

— அய்யோ, உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறது! ரெண்டு வருஷம் அண்ணி. அந்த அடுக்குமாடி படிக்கட்டுல தபால் பையோட உருண்டு விழுந்தாளே, அன்னையில இருந்து ரெண்டு வருஷம். முழங்காலுக்குக் கீழ நரம்பு அறுந்து போச்சுன்னுட்டார் டாக்டர், ஒண்ணும் தெரியாது. செருப்பு கழண்டு வழியிலயே நின்னுடும், இவ வாக்கரத் தள்ளிக்கிட்டு வெறுங்காலோட போயிக்கிட்டே இருப்பா. அப்படிப்பட்டவ, இந்தத் தொட்டியில இறங்கின முதல் நாளே சொன்னா, என்னங்க, பாதத்துல குறுகுறுன்னு இருக்குன்னு. எறும்பு ஊர்ற மாதிரி. நாலு நாளா தினமும்! நான் பஸ்ல வர்ற அத்தனை டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க.

— என்ன சொன்னீங்க?

— எல்லா டீச்சரும் கை தட்டி—

— அதில்ல. அதுக்கு முன்னாடி. பாதத்துல என்ன?

— குறுகுறுப்பு. உணர்ச்சி திரும்பி வருதுல்ல, அது. ஏன் அண்ணி, ஒரு மாதிரியா பாக்கறீங்க?

— குட்டி! ஏய் குட்டி! இங்க வா.

— வர்றேன்க்கா, வர்றேன். நான் என்ன தந்தியா, பறந்து வர்றதுக்கு? தபால்தான். மெதுவா வந்தாலும் கரெக்டா வந்து சேருவேன். என்ன, ரெண்டு பேரும் சண்டையா? கரண்ட்டு வேற போயிடுச்சு.

— நான்தான் அணைச்சேன். நீ இந்த நாற்காலியில உக்காரு. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தக் குறுகுறுப்பு எப்ப வரும்?

— தண்ணியில இருக்கும்போதுதான்.

— வெளிய ஏறின பிறகு? படுக்கும்போது, நடக்கும்போது?

— ம்ஹூம். அதுக்கெல்லாம் நாளாகும்னு இவர் சொன்னார்.

— தண்ணிக்குள்ள உக்காந்திருக்கற நேரம் பூரா இருக்குமா?

— இல்லக்கா. அந்த சிவப்பு லைட்டு எரியும் பாரு, ஹீட்டர் லைட்டு, அது எரியும்போதுதான். அணைஞ்சா நின்னுடும். சூடு நரம்புல ஏறுதுன்னு நினைச்சேன்.

— கால் பூரா தெரியுதா?

— பாதத்துல மட்டும். அடியில தண்ணி வெளிய போறதுக்கு வட்டமா ஒரு இரும்புச் சல்லடை இருக்கு. பாதம் அது மேல இருந்தா நல்லாத் தெரியும். நானே துழாவித் துழாவி, கையால கால எடுத்து அது மேல வெச்சுக்குவேன். சில நேரம் சுரீர்னு கூட வரும். வந்தா சந்தோஷத்துல கத்துவேன், இவர் ஓடி வருவார்.

— ஆமா அண்ணி, ரெண்டு பேரும் அழுதுட்டோம் ஒரு நாள்.

— மாப்பிள்ளை, அந்தப் பையில என் மீட்டர் இருக்கு, எடுங்க. குட்டி, நீ எழுந்து மெயின் சுவிட்சுகிட்டப் போய் நில்லு. நான் 'போடு'ன்னா போடு, 'அணை'ன்னா அந்த நிமிஷமே அணை. வேற எதையும் தொடாத. மாப்பிள்ளை, நீங்க மூணு அடி தள்ளி நின்னு கைய ரெண்டையும் பாக்கெட்டுக்குள்ள விடுங்க.

— எதுக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம்...

— விடுங்க சொல்றேன். ஒரு முனை தண்ணியில. இன்னொரு முனை... இந்தச் சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கே, போன தடவை நான் வந்தப்ப இல்லையே?

— இன்னைக்குக் காலையிலதான் மாட்டினேன். அவளே பிடிச்சு எழுந்திருக்கட்டும்னு. நல்ல கனமான இரும்பு. அந்தத் தண்ணிக் குழாயோட சேத்துக் கிளாம்ப் போட்டிருக்கேன், ஆட்டினாலும் ஆடாது.

— குழாய் மண்ணுக்குள்ள போகுது. சரி. குட்டி, போடு.

— போட்டாச்சுக்கா.

— ஹீட்டர் லைட்டு எரியுதா மாப்பிள்ளை?

— எரியுது.

— அணை!

— அணைச்சாச்சு. என்னக்கா காட்டுச்சு?

— அறுபத்திரண்டு.

— அட, அவ்வளவு சூடா? அவளுக்குக் கால்ல சூடு தெரியாதுன்னு நான் முப்பத்தாறுக்கு மேல வைக்கறதே இல்லையே!

— டிகிரி இல்ல மாப்பிள்ளை. வோல்ட். தண்ணியில அறுபத்திரண்டு வோல்ட் இருக்கு.

— இருக்காது. நான் தினமும் கைய விட்டுப் பாத்துட்டுத்தான் அவள இறக்குவேன். எனக்கு ஒரு சின்ன அதிர்வு கூட இல்ல.

— ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு மரப்பலகை மேல நின்னு கைய விட்டிருப்பீங்க. கரண்ட்டுக்கு உங்க வழியா மண்ணுக்குப் போக வழி இல்ல, அதனால உங்கள விட்டுடுச்சு. அடியில இருக்கற சல்லடை இரும்புக் குழாய் வழியா மண்ணுக்குப் போகுது. அங்க வழி இருக்கு. அதுல கால வெச்சா, கால் வழியாத்தான் போகும். ஹீட்டருக்குள்ள இருக்கற கம்பியோட உறை ஓட்டை விழுந்து, கரண்ட் தண்ணியில கசியுது. எர்த்து இருந்திருந்தா அது வழியா இறங்கியிருக்கும். நீங்க வெட்டின பின்னு அதுதான்.

— உங்க மீட்டர் சரியில்ல.

— இதே மீட்டரத்தான் மாப்பிள்ளை ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூமுக்கே நான் எடுத்துட்டுப் போறேன்.

— அக்கா.

— சொல்லு குட்டி.

— அப்போ என் கால்ல வந்தது...

— கரண்ட்டு.

— நாலு நாளும்?

— நாலு நாளும். நாலு நாளா இவர் உன் கக்கத்துல கை குடுத்துத் தூக்கியிருக்கார், அதனால தப்பிச்ச. இன்னைக்கு நீயே இந்தக் கம்பியப் பிடிச்சிருந்தா, கரண்ட் கை வழியா நெஞ்சுக்குள்ள பூந்து போயிருக்கும். விரல் அப்படியே விறைச்சுக்கும். விட நினைச்சாலும் விட வராது.

— போதும் அண்ணி! சொல்லாதீங்க. நான் இந்தத் தொட்டிய... எங்க அந்தச் சுத்தியல்? எங்க வெச்சேன்? துண்டு துண்டா உடைச்சு தெருவுல போடறேன்.

— என்னங்க. சுத்தியல கீழ வைங்க.

— என்ன கீழ வைக்கறது போஸ்ட்டம்மா? நானே உன்னக் கொண்டு போய்...

— வைங்கன்னு சொன்னேன். இப்ப நான் பேசறேன். உணர்ச்சி வரல, சரி. அது போனாப் போகுது. ஆனா முட்டி இளகினது நிஜம். நாலு நாளா காலையில எழுந்ததும் கால மடக்க முடிஞ்சுது. இழுப்பு இல்ல, பிடிப்பு இல்ல. அது கரண்ட் குடுத்தது இல்ல, வெந்நீர் குடுத்தது. எனக்கு அந்த வெந்நீர் வேணும். அக்கா, கரண்ட் கலக்காத வெறும் வெந்நீரா இந்தத் தொட்டியில குடுக்க உன்னால முடியுமா, முடியாதா?

— முடியும். ஆனா நான் சொல்றபடிதான். ஒரு ஸ்க்ரூ கூட என்னைக் கேக்காம யாரும் முடுக்கக் கூடாது.

— சரி.

— எத்தனை நாள் ஆனாலும் அவசரப்படுத்தக் கூடாது.

— சரிங்கறேன்ல. இவரும் சரிதான். சொல்லுங்க, சரின்னு.

— ...சரி.

*

— அண்ணி, குழி போதுமா பாருங்க. முழங்கை ஆழம் சொன்னீங்க, நான் இடுப்பளவு தோண்டிட்டேன்.

— ஒயர் புதைக்கறதுக்குத் தோண்டச் சொன்னா கிணறு வெட்டி வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. அதிருக்கட்டும், கையக் காட்டுங்க. இதென்ன, உள்ளங்கை பூரா கொப்புளம்?

— ஸ்டியரிங் பிடிச்ச கை, கடப்பாறைக்குப் பழகல. விடுங்க. அடுத்து என்ன?

— மெயின் போர்டுல இருந்து இந்தத் தொட்டிக்குன்னு தனி லைன். வேற எந்த விளக்கும் மெஷினும் அதுல சேராது. தடிச்ச செம்பு ஒயர், குழாய்க்குள்ள. இந்தாங்க, இந்த முனையப் பிடிச்சுக்கிட்டு நான் தள்ளத் தள்ள இழுங்க. வெடுக்குன்னு இழுக்காதீங்க, மேல இருக்கற உறை கிழிஞ்சிடும்.

— இழுக்கறேன், இழுக்கறேன். அந்த புதுப் பொட்டி என்ன?

— லீக்கேஜ் பிரேக்கர். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும். துளி வெளிய கசிஞ்சாலும், ஆளுக்கு உறைக்கறதுக்குள்ள கட் பண்ணிடும்.

— நான் சொருகினப்ப இது இருந்திருந்தா?

— முதல் நாளே அணைஞ்சிருக்கும். 'சனியன் பிடிச்ச மெஷின், அணைஞ்சுக்கிட்டே இருக்கு'ன்னு என்னத் திட்டியிருப்பீங்க.

— திட்டியிருப்பேன். நிச்சயமா திட்டியிருப்பேன்... அண்ணி, ஒண்ணு சொல்லவா? கண்ண மூடினா அவ தண்ணியில உக்காந்து சிரிக்கறதுதான் தெரியுது. நான் பக்கத்துல நின்னு கை தட்டறேன். நாலு நாளும் கை தட்டிக்கிட்டு நின்னேன் அண்ணி.

— அழாதீங்க. கண்ணீர் விழுந்தா டேப் ஒட்டாது.

— கிண்டல் பண்றீங்க.

— கிண்டல் இல்ல மாப்பிள்ளை. உங்களத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல, அதான். ஊர்ல இருக்கற பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் ஒயர் இழுத்தேன். ரெண்டு வருஷமா ஒரு தங்கச்சி சரியா நடக்க முடியாமக் கிடக்கறா, அவ வீட்டு ஃப்யூஸ் பொட்டி இன்னும் பழைய பீங்கான் கட்டையில இருக்குன்னு திறந்து பாத்தேனா? பழம் வாங்கிட்டு வந்து பத்து நிமிஷம் உக்காந்துட்டு ஓடினேன். அவ கால பாக்கவே எனக்கு பயம். நீங்களாவது எதையோ பண்ணினீங்க. தப்பாப் பண்ணினீங்க, ஆனா பண்ணினீங்க. அந்த அவசரத்த இப்ப கடப்பாறையில காட்டுங்க.

— காட்டறேன். இது என்ன ரீடிங்? ஏன் உதட்டப் பிதுக்கறீங்க?

— எர்த்துக்கு மண்ணுல இறக்கின அந்தக் கம்பி போதல. மண்ணு காய்ஞ்சு கிடக்கு. இன்னொரு கம்பி இறக்கினாத்தான் எனக்கு மனசு ஒப்பும்.

— இன்னொண்ணா? ஆளுயரக் கம்பியா?

— அதே உயரம். இதே போதும்னு சில பேர் மூடிட்டுப் போயிடுவாங்க. நான் போக மாட்டேன்.

— நான் மட்டும் போகச் சொன்னேனா? எங்க இறக்கணும், குறி போடுங்க. அந்த மூலையா? நகருங்க.

— துணி சுத்திக்கிட்டுப் பிடிங்க மாப்பிள்ளை, கொப்புளம் உடையும்.

— உடையட்டும்.

*

— குட்டி, அவசரப்படாத. இரு, ஒரு தடவ சொல்லிடறேன். ஹீட்டர் புதுசு. கைப்பிடிக் கம்பி, சல்லடை, தண்ணியச் சுத்த விடற மோட்டரோட உடம்பு, எல்லாத்தையும் ஒரே எர்த்துல கட்டியிருக்கேன். கைக்கும் காலுக்கும் நடுவுல வோல்ட் வித்தியாசம் வராது. சுவிட்சு அதோ, அந்தத் தூண்ல. தண்ணியில இருக்கறவ கை நீட்டினா எட்டாது, வெளிய நிக்கறவர் ஓடி வந்து அணைக்கலாம். தண்ணி முப்பத்தாறுக்கு மேல சுடாது, அத நான் பூட்டிட்டேன். மாப்பிள்ளை, அந்த டெஸ்ட் பட்டன அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். டப்னு அணைஞ்சிடுச்சு!

— அணையணும். மாசம் ஒரு தடவ அமுக்கணும். அணையலன்னா தொட்டியில யாரும் இறங்கக் கூடாது, எனக்குப் போன் பண்ணணும்.

— மாசம் ஒரு தடவையா? நான் தினமும் அமுக்குவேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்க மிதிச்சுப் பாக்கறேன்ல, அது மாதிரி.

— நல்லது. இப்ப திரும்பப் போடுங்க. நான் முதல்ல இறங்கிப் பாத்துடறேன்.

— நீங்களா? முடியாது அண்ணி. நான்தான்.

— ஒயரிங் என்னுது மாப்பிள்ளை. அதுக்குப் பொறுப்பும் என்னுது.

— பொண்டாட்டி என்னுது.

— ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க, நான் இறங்கறேன்... என்னங்க! அடக் கடவுளே, அக்கா, பேண்ட்டோட குதிச்சிட்டார் பாரு! செருப்பையாவது கழட்டினாரா?

— கழட்டிட்டேன் போஸ்ட்டம்மா. வெறுங்கால். சல்லடை மேலதான் நிக்கறேன். கையில கம்பி. அண்ணி, ஹீட்டர் லைட்டு எரியுதா?

— எரியுது. என்ன தெரியுது?

— ஒண்ணுமில்ல. சுகமா இருக்கு. ஒண்ணுமே இல்ல.

— மீட்டரும் பூஜ்யம். ஏறி வாங்க. குட்டி, இப்ப நீ. கம்பியப் பிடி. நல்லாப் பிடி, பயப்படாத.

— பயமெல்லாம் இல்ல. என் கையால நானே ஒரு இடத்துல இறங்கி ரெண்டு வருஷமாச்சு, அதான் மெதுவா இறங்கறேன். இடுப்பப் பிடிச்சுக்கோ... ஆங். உக்காந்துட்டேன்.

— எப்படி இருக்கு?

— முட்டி கதகதன்னு இருக்கு. நல்லா இருக்குக்கா.

— பாதம்?

— பாதத்த சல்லடை மேலதான் வெச்சிருக்கேன். ஒண்ணும் தெரியல.

— கொஞ்ச நேரம் ஆகட்டும் போஸ்ட்டம்மா...

— எவ்வளவு நேரம் ஆனாலும் தெரியாதுங்க. அக்கா வேலைய சரியாச் செஞ்சிருக்கா, எப்படித் தெரியும்? நீங்க போய் ஈரத்த மாத்துங்க.

— மாத்தறேன். அந்த டீச்சருங்க தினமும் கேக்கறாங்க, கால் எப்படி இருக்குன்னு. திங்கக்கிழமை சொல்லிடறேன், தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு.

— அத நானே வந்து சொல்றேன். உங்க பஸ்ல ஏறி. முட்டி மடங்க ஆரம்பிச்சா, ரெண்டு படி ஏற மாட்டேனா? இனிமே தினமும் மூணு மணிக்கு இதுல இறங்குவேன். காய்ச்சலோ மழையோ, இறங்குவேன்.

— நீ இறங்குவ குட்டி. எனக்குத் தெரியும்.

— அக்கா, உன் தொழில்ல ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?

— கேளேன்.

— சுவத்துக்குள்ள ஒரு ஒயரு நடுவுல அறுந்து போச்சுன்னு வெச்சுக்கோ. ஒரு முனையில கரண்ட் குடுக்கற. இன்னொரு முனையில மீட்டர் வெச்சா ஏதாவது காட்டுமா?

— அறுந்த ஒயர்ல எப்படிடி காட்டும்? பூஜ்யம்தான்.

— லேசாக் கூடக் காட்டாதா? சும்மா ஒரு துளி?

— ஒரு துளி கூடக் காட்டாது. துளி காட்டினா அது முழுசா அறுந்த ஒயர் இல்ல, எங்கேயோ ஒரு இழை இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஏன் கேக்கற?

— எனக்கு முட்டிக்குக் கீழ நரம்பு சுத்தமா அறுந்து போச்சுன்னுதானே டாக்டர் சொன்னார்? அப்போ அந்த நாலு நாளும் என் காலு எப்படிக்கா காட்டுச்சு?